வீட்டுக்குள் வந்த வங்கி

“பணம் வருது மேம். ஆனா எனக்கு வர்றதில்ல.”

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளன்று, இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னது இது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கிய திட்டம். அந்தப் பணம் இவள் கணக்கில் மாதந்தோறும் விழுகிறது. கணக்கு இவள் பெயரில்தான் இருக்கிறது. கணக்கோடு இணைத்த செல்பேசி எண் மட்டும் அண்ணனுடையது. எஸ்எம்எஸ் அவனுக்கு, ஓடிபி அவனுக்கு, யுபிஐ அவன் செல்பேசியில். பணம் வந்தது இவளுக்குத் தெரிவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது.

“ஊர்லயே கைரேகை வச்சு எடுக்கலாமே?” என்று கேட்டேன்.

“அந்தக் கடைக்காரர் எனக்கு மாமா முறை மேம். நான் போய் நின்னா அரை மணி நேரத்துல வீட்டுக்குத் தெரிஞ்சிடும்.”

அடுத்த நாள் பேருந்து ஏறி அவள் கணக்கிருக்கும் கிளைக்குப் போனோம். பதினான்கு கிலோமீட்டர். கவுன்டரில் இருந்த பெண் ஊழியர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, “பழைய நம்பரை எடுத்துடணும், அவ்வளவுதானே? புது நம்பர் எப்ப வாங்குறியோ அப்ப வந்து சேத்துக்கலாம். அதுவரைக்கும் பாஸ்புக்கும் வித்டிராயல் சலானும் போதும்மா” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குப் புரிந்திருந்தது. ஒரு படிவம், ஓர் ஆதார் நகல், இரண்டு கையெழுத்து. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

அந்த இருபது நிமிடத்தை எந்தச் செயலியும் அவளுக்குத் தந்திருக்காது. எண்ணை மாற்றக் கேட்டாலே அதை உறுதிசெய்யும் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் போகும்.

மக்களுக்கு வங்கிக் கிளைகள் இனியும் தேவையா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் கேட்கப்படுகிறது. அதிகம் விவாதிக்கப்படும் இடம் பிரிட்டன். அங்கே 2015க்குப் பிறகு 6000க்கும் மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டிருக்கின்றன. கடைசிக் கிளையும் போய்விட்ட ஊர்களுக்கு மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் பகிர்வு வங்கி மையம். எஸ்ஸெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டிலும் ஸ்காட்லாந்தின் கேம்பஸ்லாங்கிலும் 2021இல் சோதனையாகத் தொடங்கியது. 2024 முடிவதற்குள் நூறைத் தொட்டது. இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் 350 மையங்கள் என்கிறது தொழிற்கட்சி அரசு.

ஏற்பாடு எளிமையானது. பெரிய வங்கிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. கவுன்டரை அஞ்சலகத்தார் நடத்துகிறார்கள். எந்த வங்கியின் வாடிக்கையாளரும் அங்கே பணம் போடலாம், எடுக்கலாம். கவுன்டரில் தீராத சிக்கல் என்றால் தனியறை ஒன்று உண்டு. அதில் வங்கிக்கு ஒரு நாள் என்று முறைவைத்து ஓர் ஊழியர் வந்து உட்காருகிறார். திங்கள் ஒரு வங்கி, செவ்வாய் இன்னொன்று. நம் ஊர் வாரச்சந்தையைப் போல.

இந்த மையத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். யாரை மனதில் வைத்து இது எழுதப்பட்டது? பொதுவிவாதத்தில் மீண்டும் மீண்டும் வருபவர்கள் மூவர்: இணையம் பழகாத முதியவர், அன்றைய வசூலைக் கொண்டுவரும் சிறுகடைக்காரர், ரொக்கத்தில் செலவைக் கட்டுப்படுத்தும் ஏழை. மூவரும் உண்மையானவர்கள்தான். மூவருக்கும் ஒரே தேவை இருப்பதாக வைத்துக்கொண்டால் அது பணத்தாள். சட்டமும் அங்கேயே நிற்கிறது. 2023இன் நிதிச் சேவைச் சட்டமும், அதன் கீழ் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளும் காப்பது ரொக்கம் போடவும் எடுக்கவுமான வசதியை மட்டும். ஓர் ஊழியரின் எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், “இந்தக் கணக்கிலிருந்து என் கணவரின் எண்ணை எடுக்க வேண்டும்” என்று சொல்லும் வசதியை அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. தனியறை இருக்கிறது. ஆனால் அது வங்கிகளின் ஏற்பாடாக இருக்கிறது, பெண்ணின் உரிமையாக இல்லை.

இத்தனைக்கும் அதே நாடு 2021இல் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறை என்று வரையறுத்திருக்கிறது. இந்தியா அதைப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் நம் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. பெண்ணின் பணத்தை அவளுக்கு எட்டாமல் செய்வது வன்முறை என்று ஒரு சட்டம் சொல்கிறது. அவள் அதைப் போய்ச் சொல்லக்கூடிய கவுன்டர் தேவையா என்று இன்னொரு மேசையில் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு கோப்புகளும் சந்திப்பதே இல்லை.

பெண்ணும் பணமும் என்று பேசத் தொடங்கினால் நம் வகுப்பறைகளில் முதலில் வருபவர் வர்ஜீனியா வுல்ஃப். பெண் எழுதுவதற்குச் சொந்த வருமானமும் பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் எழுதினார். ஆண்டுக்கு 500 பவுண்டு என்று தொகையையும் குறித்தார். அந்த நூலின் கதைசொல்லிக்கு அந்தப் பணம் ஓர் அத்தையின் உயிலால் கிடைக்கிறது. அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனவர். ஏறக்குறைய அதே சமயத்தில் வாக்குரிமையும் வந்தது. இரண்டில் பணமே தனக்குப் பெரிதாகப் பட்டது என்கிறாள் அவள். பம்பாயில் அத்தைக்கு என்ன வேலை, அந்தச் செல்வம் யாருடைய உழைப்பு என்ற கேள்விகளைக் காலனிய வாசகிகளான நாம் கேட்டாக வேண்டும். எனக்கு இப்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது. அந்த 500 பவுண்டைக் கதைசொல்லியின் அப்பாவோ அண்ணனோ முதலில் பார்த்திருந்தால்? வுல்ஃப் அறைக்குப் பூட்டுக் கேட்டார். பணத்துக்கான பூட்டு இருந்த இடம் வீட்டுக்கு வெளியே, வங்கியில். அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.

திருமணமான பெண் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்தின் சட்டங்கள் 1870இலும் 1882இலும் படிப்படியாகத்தான் தந்தன. அதற்குப் பிறகும் கடன் கேட்டு வங்கிக்குப் போன பெண்ணிடம் அப்பாவின் கையெழுத்தோ கணவனின் கையெழுத்தோ கேட்பது வழக்கமாக இருந்தது. 1975இன் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்தான் அதைச் சட்டவிரோதமாக்கியது. ஆக, பெண் தன் பெயரில், தன் கையெழுத்தில் அந்தக் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்று ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. வந்து நின்றதும் கவுன்டரை மூடுகிறார்கள்.

நம்மிடம் வங்கிக்கும் முந்திய ஓர் ஏற்பாடு உண்டு: சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் வைத்த பணம். அதைப் பெண்களின் சாமர்த்தியம் என்று செல்லமாகச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். வீட்டுக்குள் தன் பணத்தை ஒளிக்க வேண்டியிருந்தது என்றால் அந்த வீட்டைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது அந்தப் பானைகள் எல்லாம் ஒரே நாளில் கவிழ்ந்தன. மாற்றித் தரச் சொல்லிக் கணவனிடமும் மகனிடமும் நீட்ட வேண்டியிருந்தது. பல ஆண்டு ரகசியம், பல ஆண்டுப் பாதுகாப்பு, அத்தோடு முடிந்தது. தன் பெயரில் கணக்கும், தானே போய்வரும் தூரத்தில் கிளையும் வைத்திருந்தவள் யாரிடமும் சொல்லாமல் வரிசையில் நின்றாள்.

செல்பேசி அந்தச் சிறுவாட்டுக்கு நவீன வடிவமாக இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019–21) சொல்வதைப் பார்ப்போம். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினருக்குத் தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருக்கிறது. தாமே பயன்படுத்தும் செல்பேசி இருப்பது 54 விழுக்காட்டினருக்குத்தான். இடையில் இருக்கும் அந்த இருபத்தைந்து பேரின் வங்கி வேறு யாரோ ஒருவருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு மகளிர் உரிமைத் தொகை போகிறது. ‘உரிமை’ என்ற சொல்லை அரசு யோசித்தே தேர்ந்திருக்கிறது. அந்த உரிமை வந்து சேரும் எண் யாருடையது என்று நேரில் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தால் அந்தச் சொல்லுக்கு இன்னும் பொருள் கூடும்.

கிளையை நான் சொர்க்கமாக்கவில்லை. கைநாட்டு வைப்பவளைக் கடைசியாக நிற்கவைத்த கிளைகள் உண்டு. சேரிப் பெண்ணின் பாஸ்புக்கைத் தூக்கிப் போட்ட கைகள் உண்டு. தமிழ் தெரியாத அதிகாரியும், தமிழில் இல்லாத படிவமும் இன்றும் உண்டு. குஜராத்தில் சேவா அமைப்பின் பெண் தொழிலாளர்கள் 1974இல் 4000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்தமாக வங்கி தொடங்கியதற்குக் காரணமே, மற்ற வங்கிகள் அவர்களை மதிக்காததுதான். மறுபுறம், வெளியே நடமாட முடியாத மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கும், தன் செல்பேசியைத் தானே பூட்டிவைக்க முடிகிற பெண்ணுக்கும் செயலி பெரிய விடுதலை. நானும் மின்கட்டணத்துக்கு வரிசையில் நிற்பதில்லை.

இந்திய அரசு கிளையை ஒரு காலத்தில் கொள்கையாகவே வைத்திருந்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1977 முதல் 1990 வரை, ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறந்தாக வேண்டும். பிறகு அந்த விதி போனது. 2006இல் வணிகத் தொடர்பாளர் முறை வந்தது. அதாவது, மளிகைக் கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் கைரேகைக் கருவியோடு உட்கார்ந்திருப்பவர். முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிக்கு அவர் பெரிய உதவி. ஆனால் அவர் ஊர்க்காரர், சாதிக்காரர், பல சமயம் உறவுக்காரர். பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை அழிந்த விரலைக் கருவி ஏற்க மறுத்தால் அவரிடம் வேறு வழியில்லை. முக்கியமாக, ஒரு முடிவை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அதனால்தான் பிரிட்டனின் மையத்தை ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. அதில் யாரும் பேசாத ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. எல்லா வங்கிக்கும் ஒரே வாசல். உள்ளே போகும் பெண் எந்த வங்கியைப் பார்க்கப் போகிறாள் என்று தெருவுக்குத் தெரியாது. கணவனுக்குத் தெரிந்த கணக்கு ஒரு வங்கியிலும், தெரியாத கணக்கு இன்னொன்றிலும் இருப்பவள் ஒரே வாசலில் நுழைந்து வரலாம். ஆனால் அவளது வங்கிக்காரர் வருவது வாரத்தில் ஒரே நாள். அந்த நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், கணவனுக்கு விடுமுறை என்றால், இன்னும் ஒரு வாரம். தன் வீட்டிலிருந்து வெளியேறத் திட்டமிடும் பெண்ணுக்கு ஒரு வாரம் எவ்வளவு நீளமானது என்பதை அந்த முறைப்பட்டியலைப் போட்டவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிளை தேவையா என்ற கேள்வியில் ‘மக்கள்’ என்ற சொல் எல்லோரையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிடுகிறது. அந்த வீட்டில் செல்பேசி அவரவர் கையில் இருக்கிறது, கதவு பூட்டுகிறது, யாரும் யார் தோளுக்கு மேலும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் வாழ்பவர்களுக்குக் கிளை தேவைப்படாமல் இருக்கலாம். வங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதை வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள். வீட்டிலிருந்துதான் தன் பணத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலையில் இருப்பவளுக்கு அது வசதியில்லை. அவளுக்கு வேண்டியது மூன்று: வீட்டுக்கு வெளியே ஓர் இடம், அங்கே அவளுக்கு உறவில்லாத ஓர் ஆள், அந்த ஆளிடம் முடிவெடுக்கும் அதிகாரம். அது கிளையாக இருக்கலாம். வாரத்தின் எல்லா நாளும் ஆள் இருக்கும் பகிர்வு மையமாகவும் இருக்கலாம். ஒரு கிளையை மூடும் முன் எத்தனை பேர் பணம் எடுக்க வந்தார்கள் என்று எண்ணுவதோடு, எத்தனை பெண்கள் எண்ணை மாற்றவும், பெயரை நீக்கவும், தனிக் கணக்குத் தொடங்கவும் வந்தார்கள் என்றும் எண்ணட்டும். ஆண்டுக்குப் பத்துப் பேராக இருந்தாலும் அந்தப் பத்தும் எண்ணிக்கைதான்.

என் மாணவியின் பாஸ்புக் இப்போது துறை அலமாரியில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அண்ணனிடம் ‘சர்வர் பிரச்சினை’ என்று சொல்லியிருக்கிறாள். அது எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த மாதம் தனியாகவே பேருந்து ஏறிப் போய்வந்தாள். சலானை எப்படி நிரப்புவது என்று முன்கூட்டியே ஒரு தாளில் என்னிடம் எழுதிக் காட்டியிருந்தாள். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில், வகுப்பில் கட்டுரை எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில்: ரூபாய் ஐந்நூறு மட்டும்.