நீலத் தோல்

சியோனா பெஞ்சமின் வரையும் பெண்கள் பலருக்கு நீலத் தோல். 1960-இல் மும்பையில் பிறந்த பெனே இஸ்ரேல் யூதப் பெண் அவர். அமெரிக்காவில் இருந்து வரைகிறார். ஜெப ஆலயத்துக்குள் அடங்காத யூத அடையாளம். சிற்றோவியமும் பைபிள் பெண்களும் சினிமா போஸ்டரும் ஒரே தாளில் கிடக்கின்றன. வெள்ளை யூதர் நடுவே நிறமுள்ளவளாய் நிற்பதைத்தான் அந்த நீலம் சொல்கிறது.

ஆம்பூர்க்காரன் கண்ணுக்கு நீலம் வேற. சுண்ணாம்பில் மயிர் கழிந்த தோலை டிரம்மில் குரோம் போட்டுச் சுத்தினால் ஈரமாய், நீலமாய் வெளியே வரும். 'வெட் புளூ' என்பார்கள். அதை அள்ளிப் போட்ட கை எங்க நைனாவோடது. அம்பேத்கர் நீலத்துக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்த நீலம்.

கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேலர் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் 'சனிவார் தேலி' என்றே பேர். தொழில் சாதியாகிற கதை நமக்குத் தெரியாததா? ஆனால் அவர்களுக்குள்ளும் கோரா, காலா என்று பிரிவு இருந்தது. காலாவுக்கு மற்றவர் பெண் கொடுக்க மாட்டார்கள். 1964-இல் இஸ்ரேலில், நாங்களும் முழு யூதர்தான் என்று தெருவில் இறங்கிய அதே சனம்தான். நான் பார்த்த படங்களில் அந்தக் காலாப் பெண் இல்லை. வெள்ளையர் ஒதுக்கினது தெரிகிறது. தாங்கள் ஒதுக்கினது நீலத்துக்குள் மறைந்துபோகிறது.

அவங்களை மட்டும் சொல்வானேன். நம்ம பிள்ளைங்களும் பறை வரையுறாங்க, நீலக் கோட்டு வரையுறாங்க. பக்கத்து அருந்ததியர் தெருவை யாரு வரைஞ்சா? என் அண்ணன் மகள் தாத்தாவின் கையை வரைந்திருக்கிறாள், முழங்கை வரை நீலம். கூடத்தில் மாட்ட அண்ணன் விடவில்லை. சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம்.