விதியை முன்மொழிவோர் யார்? கோணேசர் கல்வெட்டு பற்றிய ஒரு மறுவாசிப்பு

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து சுவாமி மலைக்குச் செல்வோர், அவ்வாயிலிலே கயல் சின்னமும் சிதைந்த தமிழ்ச் செய்யுளொன்றும் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். கல்லில் எழுதியது இவ்வாறு இடம்மாறிப்போக, ஏட்டில் எழுதிய நூலொன்று 'கல்வெட்டு' என்னும் பெயரோடு நிலைபெற்றது. கவிராஜ வரோதயனின் கோணேசர் கல்வெட்டே அது. செய்யுளும் உரைநடையும் விரவிய இவ்விலக்கியம் கல்லின் பெயரைச் சூடிக்கொண்டது தற்செயலன்று. மாற்றமுடியாதது எனத் தன்னைக் காட்டிக்கொள்ளும் நூலுக்குக் கல் என்ற பெயர் தேவையாயிற்று.

இந்நூலை ஆராய்ந்தோரில் ஒரு சாரார் இதனை வரலாற்று மூலமாகக் கொண்டனர். குளக்கோட்டனைக் கி.பி. 1223ஆம் ஆண்டுச் சாசனம் கூறும் சோடகங்கனோடு இணைத்துக் காண்போர் இவர்கள். மற்றொரு சாரார் இதனைத் தலமகிமை கூறும் பத்தி நூலாகப் போற்றினர. இரண்டும் பயனுடைய நோக்குகளே. எனினும் இவ்விரண்டிலும் பின்தள்ளப்படும் வினா ஒன்றுண்டு: இந்நூல் வகுக்கும் விதிகளை முன்மொழியும் உரிமை யாருடையது?

நூல் கூறும் அமைப்பை நோக்குவோம். குளக்கோட்டன் கோயிலைத் திருப்பணி செய்கிறான், வயல்நிலங்களை மானியமாக்குகிறான், மருங்கூரிலிருந்து தானத்தாரையும் காரைக்காலிலிருந்து வரிப்பத்தாரையும் வருவித்துக் குடியேற்றுகிறான், அவரவர் தொழும்பினை வகுக்கிறான். இரு பகுதியாரிடையே எழும் வழக்கினைத் தீர்க்கத் தனியுண்ணாப் பூபாலன் மதுரையிலிருந்து அழைக்கப்படுகிறான். பின்னர் கயவாகு மன்னன் கோயிலை அழிக்க வந்து, கோணேசர் அருளுக்கு ஆட்பட்டு, புதிய ஏற்பாடுகளைச் செய்கிறான். ஆகவே நிலையானது எனப்பட்ட விதித்தொகுதி தன் திருத்தங்களையும் தானே பதிவுசெய்துள்ளது.

இம்முரணைத் தெளிய அண்மைக்கால விளையாட்டொன்று உதவும். அமெரிக்க மெய்யியலாளர் பீற்றர் சூபர் ஆக்கிய 'நோமிக்' என்னும் விளையாட்டு, 1982இல் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழ் வழியாகப் பரவலாக அறிமுகமாயிற்று. விதிகளை மாற்றுவதே அதில் ஆட்டம். தொடக்க விதிகள் 29. அவற்றுள் 16 மாறாவிதிகள், 13 மாறும் விதிகள். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது விதிமாற்றம் ஒன்றை முன்மொழிதல் வேண்டும். முதலிரு சுற்றுகளில் அனைவரும் உடன்படவேண்டும். அதன்பின் பெரும்பான்மை போதும். மாறாவிதியை மாறும் விதியாக்குவதற்கோ எப்போதும் அனைவரின் இசைவும் வேண்டும். இவ்விளையாட்டைத் தொடர்ந்து வளர்த்த சிலர் 'ஒப்பந்தம்' என்ற வகையையும் சேர்த்தனர். முன்மொழிவு நிறைவேறின் எதிர்த்தவரையும் கட்டும். ஒப்பந்தமோ உடன்பட்டவரை மாத்திரமே கட்டும். இவ்வேறுபாடு அடிப்படையானது.

கோணேசர் கல்வெட்டில் இவ்விரண்டும் திட்டமிட்டே ஒன்றாக்கப்பட்டுள்ளன எனலாம். நிலம் தந்தேன், தொழும்பு செய்க என்பது ஒப்பந்தத்தின் மொழி. ஆனால் அது பிறவாத தலைமுறைகளையும் கட்டுகிறது. உடன்பாடு கேட்கப்படாதவரையும் கட்டுகிறது. வடிவத்தில் ஒப்பந்தமாகவும் உள்ளடக்கத்தில் ஆணையாகவும் அமைவதே நிலமானிய உறவுகளின் இயல்பு. தொழும்பினின்று வழுவியோர்க்குச் சாபம் கூறப்படுவதும் இதனாலேயே. திருத்தம் நிகழும்போதும் அது திருத்தமென ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. தெய்வ அருளின் விளைவாகவே சித்திரிக்கப்படுகிறது. மன்னர் முன்மொழியலாம், தெய்வம் வழிமொழியும். வரிப்பத்தாரின் முறை ஒருபோதும் வருவதில்லை.

இடைக்கால நூலைத் தற்கால விளையாட்டால் அளத்தல் தகுமோ என வினவலாம். கடமைகளோடு உரிமைகளும் எழுதப்பட்டமையால், ஒடுக்கப்பட்டோர்க்கும் அது ஓர் ஆதாரமாயிற்றே என்றும் வாதிடலாம். இரண்டாவது வாதத்தில் உண்மையுண்டு. எழுதப்பட்ட விதி ஆள்வோனையும் ஓரளவு கட்டும். வாய்மொழி ஆணைக்கு அப்பண்பு இல்லை. ஆயினும் உரிமையைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பு வேறு, விதியை மாற்றும் ஆற்றல் வேறு. முன்னது மனு, பின்னதே அரசியல்.

இவ்வினா பழம்பொருளன்று. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு மாற்றவியலாதது எனக் கோமறைக் கழகம் 1964இல் கருத்துரைத்தது. 1972 மே 22இல் நிறைவேறிய குடியரசு யாப்போ, அவ்விதிகளின்வழி திருத்தம் செய்யாது, ஆட்டத்துக்கு வெளியே நின்று புதிய ஆட்டத்தைத் தொடங்கிற்று. ஏகாதிபத்தியத் தளையை அறுத்தல் என்ற அதன் நியாயம் மெய்யானதே. ஆனால் தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறிவிட்டது. யாப்பினை முன்னின்று வரைந்தவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. மாக்சியர்களாகிய நாம் இதனைப் பிறர் பிழையெனத் தட்டிக்கழித்தல் முறையன்று. பெரும்பான்மை எண்ணிக்கையை மக்கள் இறைமை எனக் கொண்டமை நமது கோட்பாட்டுப் பிழையாகும்.

1987 யூலை 29இன் இந்திய-இலங்கை ஒப்பந்தமும் இவ்வாறே நோக்கற்பாலது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் பற்றிப் பேசின. ஒப்பமிட்டோர் இரு அரசுகள். வடக்கு-கிழக்கு இணைப்புப் பற்றிக் கிழக்கு மக்களின் கருத்தை அறிய வாக்களிக்கப்பட்ட வாக்கெடுப்பு நடைபெறவேயில்லை. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதாக்கிற்று. இணைப்பும் பிரிப்பும் ஆகிய இரண்டிலும் இம்மாவட்டத்துத் தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ தம் முறையைப் பெற்றாரல்லர்.

எனவே கோணேசர் கல்வெட்டைப் பழம்பெருமையின் சான்றாக மட்டும் படித்தல் போதாது. நெல் குற்றியோரும் பூக்கொய்தோரும் நூலில் இருக்கின்றனர். அவர்தம் குரல் இல்லை. அக்குரலின்மையைக் கேட்பதே இலக்கியத் திறனாய்வின் பணி. அதனைக் கேட்கப் பழகியோர், துறைமுகத்தின் பேரால் இன்று எழுதப்படும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அதே வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது.