கிரெப்பில் சிக்காத வரி

லினக்ஸ் சர்வர் படுத்துவிட்டால் நிர்வாகியின் கை முதலில் போவது /வார்/லாக் அடைவுக்குத்தான். டெயில், லெஸ், கிரெப் தெரிந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். 1980களில் பெர்க்லியில் சென்ட்மெயிலுக்காக எரிக் ஆல்மன் எழுதிய சிஸ்லாக் கொடுத்த வசதி இது. எல்லாம் வெறும் எழுத்துக்கோப்பு. இயந்திரம் கிளம்பவே மறுத்தாலும், வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துவிடலாம். அந்தப் பழைய வடிவத்தில் நாளும் மணியும் இருக்கும். ஆண்டும் நேர மண்டலமும் இருக்காது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 இதைச் சரிசெய்தது. ஆனாலும் பழைய வடிவில் எழுதும் சர்வர்கள் இன்னும் உண்டு.

இதைவிடப் பெரிய குறை படிக்கும் முறையில் இருக்கிறது. ‘எரர்’ என்று கிரெப் போட்டுவிட்டு, ஒன்றும் சிக்காவிட்டால் சர்வர் நலம் என்று முடிவுகட்டும் பழக்கத்தைச் சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் திடீரென நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் லாகில் நின்றதற்கான காரணம் இருக்காது. மீண்டும் எழுந்தபோது எழுதிய மீட்பு வரிகள் மட்டுமே இருக்கும். நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் அனுப்பிய ‘சிக்கில்’ சமிக்ஞையை எந்த நிரலாலும் தடுக்க முடியாது. கடைசியாக ஒரு வரி எழுதவும் அவகாசம் கிடையாது. கொன்ற செய்தி கெர்னல் லாகில் ‘கில்டு பிராசஸ்’ என்று கிடக்கும். அதில் ‘எரர்’ என்ற சொல்லே இராது. அந்த வரியைக் கண்டுபிடித்தவரும் பாதி வழிதான் வந்திருக்கிறார். கெர்னல் பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருப்பதைத்தான் பலியிடும். கூட்டமாகப் பெருகிய பிஎச்பி செயல்முறைகள் நினைவகத்தைத் தின்றிருக்க, செத்தது மைஎஸ்க்யூஎல்லாக இருக்கலாம். செய்திக்கு மேலே கெர்னல் அச்சிட்ட பட்டியலைப் பொறுமையாகப் படித்தால்தான் குற்றவாளி தெரியும்.

2011இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும், லாகை எழுத்துக்கோப்பாக அல்லாமல் பைனரியாகச் சேமிக்கும் ஜர்னல் திட்டத்தை அறிவித்தபோது, ‘பைனரியா!’ என்று எழுந்த கூச்சல் எனக்கு மிகையாகவே படுகிறது. உள்நுழைவுகளைக் குறிக்கும் டபிள்யூடெம்ப் கோப்பு யூனிக்ஸ் காலத்திலிருந்தே பைனரிதானே? பழைய சிஸ்லாகில் ‘லாகர்’ கட்டளையை வைத்து யாரும் எஸ்எஸ்எச்டி பெயரில் பொய் வரி எழுதலாம். ஜர்னலோ எழுதியவரின் செயல்முறை எண்ணையும் பயனர் எண்ணையும் தானே சேர்த்துவிடும். ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு ‘-பி -1’ கொடுத்தால் முந்தைய பூட்டின் பதிவு முழுதும் கண்முன் வரும்.

வரும் என்றால், இருந்தால்தான். சேமிப்பு அமைப்பு ‘ஆட்டோ’வாக இருந்து, /வார்/லாக்/ஜர்னல் அடைவும் இல்லையென்றால், பதிவெல்லாம் நினைவகத்தில்தான், ரீபூட்டோடு போயிற்று. ஒரே சேவை செய்திகளைக் கொட்டினால் ஜர்னல் வரம்பு கட்டி மிச்சத்தை விட்டுவிடும். இத்தனை செய்திகள் அடக்கப்பட்டன என்று ஒரு குறிப்பு மட்டும் நிற்கும்; தேடி வரும் கண்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப்போகும்.

ரூட் அனுமதியோடு நுழைந்தவன் எழுத்துக்கோப்பு, ஜர்னல் இரண்டையும் அழிக்கலாம். ஆகவே லாகை உடனுக்குடன் வேறொரு இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அதையும் யுடிபி 514 வழியே அனுப்பினால், வழியில் தொலைந்த வரிக்கு எங்கும் தடயம் இராது. டிசிபிக்கு மாற்றுவது அமைப்புக் கோப்பில் சிறிய திருத்தம்தான்.