வரிசை குலையாத வானம்

வீட்டுக் கணினிகளில் சேர்ந்து பறக்கும் ஆன்லைன் ஸ்குவாட்ரன் ஒன்றின் தரம் தெரிய அதன் விமானங்களைப் பார்க்க வேண்டியதில்லை. ரேடியோவைக் கேட்டாலே போதும். லீடர் அலைவரிசையை மாற்றச் சொல்கிறார். மாறியதும் குழுவின் பெயரை ஒருமுறை அழைக்கிறார். “டூ.” “த்ரீ.” “ஃபோர்.” ஆளுக்கு ஓர் எண், அவ்வளவுதான் பதில். மூன்றும் முந்தாமல், பிந்தாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வந்து விழுந்தால் அன்றைக்கு நல்ல பறத்தல் காத்திருக்கிறது. “வந்துட்டேன், நான் பேசுறது கேக்குதா?” என்று யாராவது இழுத்தால், அவர் பக்கத்து விமானத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பதே நல்லது.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982இல் வந்தபோது கணினியில் விமானம் ஓட்டுவது தனிமையின் கலையாக இருந்தது. இணையம்தான் இதற்குத் துணை கொடுத்தது. 2001இல் தொடங்கிய வாட்சிம் வலையமைப்பில் விமானிகள் மட்டுமல்ல, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். அங்கே கட்டுப்பாட்டாளராகச் சேருகிறவர் முதலில் வெறும் பார்வையாளர். பயிற்சியும் தேர்வும் முடித்துத்தான் டவர், அப்ரோச், அதற்கும் மேலே என்று ஏற முடியும். போர் விமானப் பிரியர்கள் டிசிஎஸ் வேர்ல்டு என்ற சிமுலேட்டர் பக்கம் போகிறார்கள். இந்திய விமானப்படையிலிருந்து 2025 செப்டம்பரில் விடைபெற்ற மிக்-21 வகை விமானம் அங்கே இன்னும் பறக்கிறது. டிசிஎஸ் வரைபடங்களில் தமிழ்நாடு கிடையாது. ராஜபாளையத்திலிருந்து சேருகிற ஒருவருக்கு சாத்தூரைவிட ஜார்ஜியாவின் பட்டூமி, கோபுலேட்டி விமானத் தளங்கள் அத்துப்படியாகிவிடும். மத்திய ஐரோப்பியக் குழு கோடையில் இரவு எட்டு மணிக்குக் கூடினால் இங்கே பதினொன்றரை. குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. அந்த நேரத்துக்கு விழித்திருந்து, சொன்ன நிமிடத்தில் வந்து நிற்பதுதான் முதல் ஒழுக்கம்.

2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்களோடு தஞ்சாவூரில் மறுபடி செயல்படத் தொடங்கிய இந்திய விமானப்படையின் 222ஆம் ஸ்குவாட்ரனில் கீழ்ப்படிதலுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, உயிர் இருக்கிறது. வீட்டு ஸ்குவாட்ரனில் இந்த மூன்றும் இல்லை. கோபம் வந்தால் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகலாம், கேட்பாரில்லை. அப்படி இருந்தும் ஒருவர் ஒரு மணி நேரம் இன்னொருவரின் இறக்கையை விட்டுக் கண்ணெடுக்காமல் பறக்கிறார் என்றால், அந்தக் கட்டுப்பாடு முழுக்க அவராகப் போட்டுக்கொண்டது. எனக்கு இந்தக் கலை பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

நான்கு விமான அணிவகுப்பைப் பார்க்கிறவர்கள் லீடரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரசிகர் பார்க்க வேண்டியது நான்காம் எண்ணை. லீடர் திரும்பினால் வளைவின் வெளிப்பக்கம் இருப்பவர் வேகம் கூட்ட வேண்டும், உள்பக்கம் இருப்பவர் குறைக்க வேண்டும். முன்னால் பறப்பவரின் சின்னத் தடுமாற்றம் கடைசி ஆளிடம் வந்து சேரும்போது பெரிதாகியிருக்கும். லீடரைத் தொடர்ந்து பறக்கும் விங்மேன் தேர்ந்தவராக இருந்தால், பக்கத்து விமானத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவை ஒரே கோட்டில் நிற்கும்படி வேகம் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். தேர்ந்த லீடரோ த்ராட்டிலை ஒருபோதும் முழுக்கத் தள்ளமாட்டார். பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் மிச்சம் வைப்பார். அந்த மிச்சத்தில்தான் அவருடைய பெருந்தன்மை தெரியும். இணையம் தடுமாறினால் பக்கத்து விமானம் திரையில் திடீரென்று துள்ளும். அப்போது பதறாமல் நாலு முழம் விலகிக்கொள்வது விங்மேனின் பக்குவம்.

பேச்சிலும் இதே சிக்கனம். “விஷுவல்” என்றால் நம்மவர் கண்ணில் தெரிகிறார். “டாலி” என்றால் எதிரி தெரிகிறார். நம்மவரைத் தவறவிட்டால் “பிளைண்ட்”. எதிரி கண்ணில் படவில்லை என்றால் “நோ ஜாய்”. கண்ணில் படாததைக் கூச்சப்படாமல் உடனே சொல்வதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்களே, அதுதான் அழகு. “பிளைண்ட்” என்று சொல்லத் தயங்குகிறவர் இரண்டு விமானங்களை மோத விடுவார்.

ஆள் சேர்க்கும் விதத்திலேயே குழுவின் குணம் தெரிந்துவிடும். நல்ல குழுக்கள் புதியவரின் பழைய வெற்றிகளைக் கேட்பதில்லை. எந்தக் கிழமை வருவாய், வரமுடியாவிட்டால் சொல்வாயா, திருத்தினால் தாங்குவாயா என்று பேசிப் பார்க்கிறார்கள். பிறகு சில காலம் கூடவே பறக்கவிட்டு, கிளம்புதல், சேர்ந்து பறத்தல், இறங்குதல் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். சேர்ந்த அன்றே ஃபிளையிங் ஆபீசர், மறுமாதமே ஸ்குவாட்ரன் லீடர் என்று பட்டம் வழங்குகிற குழுக்களும் உண்டு; அவை பெரும்பாலும் பட்டத்துக்காகவே உடையும். என் மதிப்பில் உயர்ந்தவை, பதவியை வேலையோடு கட்டிவைத்தவை. முதலில் விங்மேன், பிறகு இரண்டு விமானங்களுக்கு லீடர், பிறகு நான்குக்கு, பிறகு பயிற்றுநர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஆனால் தேர் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். அந்த இடத்தில் நிற்கப் பட்டம் போதாது, கை பழகியிருக்க வேண்டும்.

பறந்து முடித்த பிறகு நடக்கும் டீப்ரீஃப் என்ற அலசல் தனி ரசனை. டாக்வியூ என்ற மென்பொருளில் பறத்தல் முழுவதையும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். யார் எப்போது விலகினார், எங்கே உயரம் இழந்தார் என்பதெல்லாம் கோடுகளாகத் தெரியும்; சாக்குச் சொல்ல இடமில்லை. சிறந்த லீடர் தன் பிழையிலிருந்து தொடங்குவார். அதைக் கேட்ட பிறகு நான்காம் எண்ணுக்கும் வாய் திறக்கும்.

சொந்த மண்ணில் பறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் பதிப்பு இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களால் ஆன தரை அது. மதுரை ஓடுபாதையில் மேற்கு நோக்கிக் கிளம்பி, இடப்பக்கம் வளைந்து, கண்மாய்களை அடையாளம் வைத்தே ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் பிடித்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கம் கூடவே வரும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்கும் நாட்களில், சிறிய செஸ்னா விமானங்கள் நான்கைச் சேர்த்துக் கொண்டுபோவது ஜெட் விமானத்தில் போவதைவிடக் கடினம். வேகம் குறைவு, கீழே தள்ளும் காற்றிலிருந்து தப்பிக்க எஞ்சினில் தெம்பு கிடையாது. மலையை ஒட்டிப் போகும் ஆசையை அடக்கி, குழுவைச் சமவெளிப் பக்கம் தள்ளிக் கொண்டுபோகிறவரே அங்கே லீடர்.

இந்தக் கலையை ரசிக்க ஜாய்ஸ்டிக் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் வரிசையைக் குலைத்துவிட்டால் லீடரின் குரல் எப்படி வருகிறது என்று கேளுங்கள். திட்டினால் அது விளையாட்டுக் கூட்டம். கண்டுகொள்ளாமல் விட்டால் அது அரட்டைக் கூட்டம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, “ஃபோர், பொறுமையாச் சேர்ந்துக்க” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தால், அதை ஸ்குவாட்ரன் என்று தாராளமாகச் சொல்லலாம்.