தண்டியடிகளின் கயிறு

சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில், ஆண்டவனே முதற்சொல்லை எடுத்துக் கொடுக்க, சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்பர். கேட்டு மகிழ்ந்தவன் இரண்டாம் குலோத்துங்க சோழன். காலம் 12-ஆம் நூற்றாண்டு. ஏட்டை யானைமீது ஏற்றி ஊர்வலம் விட்டனர் என்றும், மன்னனே உடனிருந்து சாமரம் வீசினான் என்றும் கதை வளர்ந்துகொண்டே போகும். முதற்சொல்லைக் கொடுத்தவர் யார் என்பது பற்றி நமக்குக் கவலையில்லை, தோழர்களே! அச்சொல்லுக்குப் பின்னே வரும் சொற்களில் என்ன இருக்கிறது என்பதே நம் கவலை.

1943-இல் இந்நூலையும் கம்பராமாயணத்தையும் தீயிட வேண்டுமா என்ற வாதம் தமிழகத்தைக் கலக்கிற்று. சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில், முன்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்நிற்க, அறிஞர் அண்ணா வழக்குரைத்தார். எரிப்பதா, காப்பதா என்பதன்று இன்று என் வழக்கு. அந்நூலினின்று ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உடற்குறை உடைய ஒருவன் உழைக்க முற்பட்டால் உலகம் அவனை என்ன செய்யும் என்பதை, தன்னை அறியாமலே காட்டிக்கொடுக்கும் கதை அது.

தண்டியடிகள் திருவாரூரில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. கோயிலை அடுத்த குளம் தூர்ந்து குறுகிக் கிடக்கிறது. அதைத் தோண்டி அகலப்படுத்த எண்ணுகிறார். எண்ணியவர் என்ன செய்தார்? கண்ணைக் கொடு என்று கையேந்தி நின்றாரா? இல்லை. குளத்துக்குள் ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். உள்ளே இறங்கி மண்ணை வெட்டினார், கூடையில் அள்ளினார், கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார், அதே கயிற்றைப் பற்றித் திரும்பி இறங்கினார்.

இந்த இடத்தில் சேக்கிழாரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பார்வையற்ற ஒருவர் வேலை செய்யும் முறையைக் கூர்ந்து பார்த்த கையின் எழுத்து இது. எங்கே தறி, எப்படிக் கயிறு, எதனால் வழி தெரிந்தது என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. இங்கே அற்புதம் இல்லை, அருள் இல்லை, அசரீரி இல்லை. அறிவு இருக்கிறது, ஆள்வினை இருக்கிறது. காசு பெறாத ஒரு கயிறு, கண் செய்ய வேண்டிய வேலையைக் கைக்கு மாற்றிக் கொடுக்கிறது. புராணம் இங்கே நின்றிருந்தால் நாமே அதனை நாடெங்கும் எடுத்துச் சென்றிருப்போம்.

நிற்கவில்லையே! சமணர் வருகின்றனர். மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர் மடியும் என்கின்றனர். அவர் கேளாமற் போகவே, கண்தான் இல்லை, காதும் இல்லையோ என்று ஏளனம் செய்கின்றனர். பார்வை வந்துவிட்டால் என்ன செய்வீர் என்ற பந்தயம் மூளுகிறது. வந்தால் ஊரைவிட்டே போகிறோம் என்கின்றனர். அத்தோடு விட்டார்களா? மண்வெட்டியைப் பிடுங்கினர், தறியையும் கயிற்றையும் பறித்தனர். இரவில் இறைவன் அடியார் கனவிலும் தோன்றுகிறான், அரசன் கனவிலும் தோன்றுகிறான். மறுநாள் மன்னன் முன்னிலையில் தண்டியடிகள் குளத்தில் மூழ்கி எழ, கண் திறக்கிறது. அதே வேளையில் சமணர் அனைவர்க்கும் கண் மூடுகிறது!

வழக்கை ஆராய்வோம். நடந்த குற்றம் என்ன? உழைப்பவன் கையிலிருந்த கருவியைப் பறித்தது. அதற்கு நீதி எது? பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்வது, பறித்தவனைக் கண்டிப்பது. தில்லையில் அரங்கேறிய காவியம் தரும் நீதியோ வேறு. கயிறு கேட்டவனுக்குக் கண்ணைக் கொடுக்கிறது. அதாவது, அவன் அவனாகவே இருந்து உழைப்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. மற்றவரைப்போல் மாறி வந்தால்தான் குளத்தில் அவனுக்கு இடம். தோண்டிய கையைவிட, தோன்றிய கண்ணே பெரிதாயிற்று. பார்வையின்றி அவன் வெட்டிக் கொட்டிய மண்ணெல்லாம் அற்புதத்துக்கு முன்னுரையாகச் சுருங்கிப்போயிற்று.

இன்னும் கொடிய பகுதி ஒன்று உண்டு. பார்வை இழந்த சமணரை அரசன் ஊரைவிட்டுத் துரத்துகிறான். அவர்கள் வழி தெரியாது தடுமாறுகின்றனர், குழியில் விழுகின்றனர், ஒருவர்மேல் ஒருவர் மோதுகின்றனர். படிப்போர் கைகொட்டிச் சிரிக்கவேண்டும் என்பதே பாட்டின் எதிர்பார்ப்பு. தறியும் கயிறும் இருந்தால் பார்வையற்றவர் தடுமாற வேண்டியதில்லை என்று சற்றுமுன் காட்டிய அதே கவிஞர், அவர்களுக்கு ஒரு கயிறு கட்டும்படி ஊராரில் ஒருவரையும் பணிக்கவில்லை. தண்டியடிகளும் அசையவில்லை! அந்த இருளில் வழி காணும் வித்தையை அவ்வூரிலேயே அறிந்தவர் அவர் ஒருவர்தாமே? பக்தி பெருகிற்று, பட்டறிவு எங்கே போயிற்று?

இது தற்செயலாக நேர்ந்த சறுக்கல் அன்று. நூல் முழுதும் பாருங்கள். இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூரில், சமணப் பள்ளியில், தருமசேனர் என்ற பெயருடன் கற்றறிந்த துறவியாய் இருந்தார் திருநாவுக்கரசர். அவரை மதம் மாற்ற வந்த கருவி எது? வாதமா? இல்லை, வயிற்றைக் குடையும் சூலைநோய். அது தீர்ந்த இடம் அதே மாவட்டத்துத் திருவதிகை. பாண்டியன் நெடுமாறனுக்குக் கூன். சம்பந்தரிடம் சரணடைந்ததும் முதுகு நிமிர்கிறது. சுந்தரர் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டதும் கண்ணொளி போகிறது. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணுமாகத் தவணையில் திரும்புகிறது. இடையிலே திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைக்கிறது. அதை அவர் நன்றியோடு பெறவில்லை, நிந்தனையோடு பெறுகிறார். கயிறானாலும் கோலானாலும், வழிகாட்டும் கருவிக்குப் புராணத்தில் மதிப்பில்லை. நோய் என்றால் தண்டனை, குறை என்றால் குற்றம், குணம் என்றால் சரணாகதி. உடம்பு ஒரு கரும்பலகை. அதில் கடவுள் எழுதுகிறார், அழிக்கிறார்.

புலவர் கற்பனைதானே என்பீர்களாயின், மனுவைப் புரட்டுங்கள். விளக்கைத் திருடியவன் அடுத்த பிறவியில் குருடனாவான், குதிரை திருடியவன் முடவனாவான் என்று விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறது அந்நூல். ஒன்பதாம் அத்தியாயத்தில், பிறவிக் குருடர், செவிடர், ஊமையர், உறுப்புக் குறைந்தோர்க்குச் சொத்தில் பங்கில்லை என்று தீர்ப்பளிக்கிறது. அடுத்த மூச்சில், அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுக்கவேண்டும் என்று கருணை காட்டுகிறது. சோறு கொடு, பங்கு கொடாதே! கோயில் வாயிலில் இரும்புத் தட்டேந்தி அமர்ந்திருக்கும் வரிசைக்கு மூலவிதி அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இது வெறும் ஏடன்று, சட்டம். 1928-இல் தனிச் சட்டம் ஒன்று வந்து இத்தடையைப் பெரும்பாலும் நீக்கிற்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மிச்சத்தையும் துடைத்தது.

இதே தில்லை நமக்கு வேறொரு காட்சியையும் தந்திருக்கிறது. தில்லைக் கலம்பகம் பாடியவர் யார்? இரட்டையர். ஒருவர்க்குப் பார்வையில்லை, மற்றவர்க்கு நடக்க இயலாது. நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமந்தார். மேலிருந்தவர் வழி சொன்னார். வெண்பாவின் முதல் இரண்டடியை ஒருவர் எடுக்க, பின் இரண்டடியை மற்றவர் முடிப்பார் என்பது வழிவழிச் செய்தி. பாட்டு அவர்கள் தொழில். பரிசில் அவர்கள் கூலி. அவர்கள் பாடிய பொருள் நமக்கு உடன்பாடில்லாததாக இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: கடைசிவரை கண் திறக்கவில்லை, கால் நிமிரவில்லை, கலம்பகம் முடிந்தது. திருவாமாத்தூர்க் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் முடிந்தன. தண்டியடிகள் கதைக்கு மறுப்புரை எழுத நாம் எங்கும் போகவேண்டியதில்லை. தில்லைக்குள்ளேயே அது இருக்கிறது.

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்க முதலாளி ஹென்றி ஃபோர்டு தொழிற்சங்கத்துக்கு நண்பரல்லர். எனினும் 1922-இல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு கணக்குச் சொன்னார். தம் ஆலையில் உள்ள 7,882 வகை வேலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்ததில், 670 வேலைகளைக் கால்கள் இரண்டும் இல்லாதவரும், 2,637 வேலைகளை ஒற்றைக்காலரும், 715 வேலைகளை ஒற்றைக்கையரும், 10 வேலைகளைப் பார்வையற்றவரும் செய்யக்கூடும் என்று கண்டாராம். அவர் ஆராய்ந்தது ஆளின் ஊனத்தையன்று, வேலையின் தேவையை. அதுதான் சிறப்பு. பார்வையற்றோர்க்குப் பத்தே வேலை என்ற முடிவில் ஆலைக்காரரின் குறுகிய நோக்கும் தெரிகிறது. கயிறு கட்டிப் பார்த்திருந்தால் எண்ணிக்கை ஏறியிருக்காதா?

இந்தியாவில் இவ்வறிவு சட்டமாக வந்தது 1995-இல். அரசுப் பணியில் 3 விழுக்காடு என்றனர். ஆனால் எந்த வேலை உகந்தது என்று அலுவலர்கள் பட்டியல் போட்டு, அப்பட்டியலுக்குள் மட்டுமே விழுக்காடு கணக்கிட்டனர். பட்டியல் சுருங்கச் சுருங்கப் பங்கும் சுருங்கிற்று. மொத்தக் காலியிடங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளிக்கவேண்டி வந்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் பங்கை 4 விழுக்காடாக்கிற்று. வேலைத்தலத்தில் அவரவர் தேவைக்கேற்ற தக்க மாற்றங்களைச் செய்து தருவதைக் கடமையாக்கிற்று. தராமல் மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்லிற்று. அதாவது கயிறு கட்டிக் கொடு, பறிப்பது குற்றம்!

மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோர் நீதிபதியாகக் கூடாது என்றொரு விதி இருந்தது. 2025 மார்ச் 3 அன்று உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிதேவதையின் கண்ணைத் துணியால் கட்டி நிறுத்தி வணங்கியவர்கள், நீதி வழங்கக் கண் வேண்டும் என்று விதி எழுதிய விந்தையை என்னென்பது!

சட்டம் இவ்வாறிருக்க, குளத்துக்கே திரும்புவோம். வீராணம் ஏரியும் பெருமாள் ஏரியும் கிடக்கும் மாவட்டம் கடலூர். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி தமிழகத்து ஏரி குளங்களில் நூறு நாள் வேலை நடந்தபோது, உடற்குறை உடையோர்க்கென்று எளிய வேலைகளைக் குறித்து வைத்தனர்: குடிநீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது முதலியன. நல்லெண்ணம்தான், வேலையே இல்லை என்று திருப்பி அனுப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல். மண்வெட்ட இயலாதவர்க்கு அது உதவிற்று. ஆனால் மண்வெட்டி கேட்டுத் தண்டியடிகள் அங்கே வந்திருந்தால், தண்ணீர்ப் பானையைத்தானே அவர் கையில் கொடுத்திருப்பார்கள்? எது இயலும் என்பதை இயலக்கூடியவனைக் கேளாமலே தீர்மானிக்கும் பழக்கம், பறிக்கும் பழக்கத்துக்கு உறவு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேரை உடற்குறை உடையோராகக் காட்டிற்று. வேலையில் இருந்தோர் நூற்றுக்கு 36 பேர். பெண்களில் 23 பேர்.

பெயர் பற்றியும் ஒரு சொல். ஊனமுற்றோர் என்று ஏடுகளில் இருந்ததை மாற்றுத்திறனாளி என்றாக்கினார் கலைஞர். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி வானொலியில் 'திவ்யாங்' என்றொரு சொல்லை முன்வைத்தார். தெய்வீக உறுப்புடையார் என்பது பொருள். இரண்டும் இன்சொல்லே என்பர் நடுநிலையாளர். நான் அவ்வாறு கருதவில்லை. முன்னது திறனைச் சொல்லி வேலை கேட்கிறது. பின்னது தெய்வத்தைச் சொல்லி வணக்கம் போடுகிறது. தெய்வத்துக்குச் சாய்தளம் எதற்கு, சம்பளம் எதற்கு? பகுத்தறிவு மேடைகளிலும் திருத்தவேண்டிய சொல் உண்டு. குருட்டு நம்பிக்கை என்றும், நொண்டிச் சாக்கு என்றும், செவிடன் காதில் ஊதிய சங்கு என்றும் முழங்கிக் கைத்தட்டல் வாங்குவது இன்னும் ஓயவில்லை. பார்வையற்றவர் கயிறு கட்டி, தடவிப் பார்த்து, உறுதியானதும்தான் அடியெடுத்து வைக்கிறார். ஆராயாமல் நம்புவதற்கு அவர் பெயரை ஏன் சூட்டவேண்டும்? மூடநம்பிக்கை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறதே.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து இளந்தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் 2017-இல் வந்த அதன் விதிகளும், ஒவ்வோர் அரசு நிறுவனமும், இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு தனியார் நிறுவனமும், சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி யாவரும் காண வெளியிடவேண்டும் என்கின்றன. எந்தெந்தப் பணியிடம், எப்படித் தேர்வு, என்ன பயிற்சி, என்ன கருவி, என்ன வசதி, பொறுப்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். சிப்காட் ஆலை வாயிலாயினும், நெய்வேலி அலுவலகமாயினும், பல்கலைக்கழகமாயினும், கடைத்தெருவில் இருபது பேரை வைத்து நடத்தும் துணிக்கடையாயினும் சென்று, அந்தத் தாள் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். போகும்போது பார்வையற்ற தோழர் ஒருவரையும், சக்கர நாற்காலியில் வரும் தோழர் ஒருவரையும் முன்னே விட்டுச் செல்லுங்கள். கேள்வியை அவர்களே கேட்கட்டும்.