கம்பைநல்லூரிலிருந்து ஒரு பந்தயத்துக்கு

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் இரவு, தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பேருந்து நிலையத்தின் கடைசிக் கடையும் சாத்தப்பட்டு ஊர் அடங்கிய பிறகு, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பகலில் நடந்த கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் அன்று நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அதுவே முதல் தடவை. அந்த ஐந்து புள்ளிகளை எண்ணி நெஞ்சு விம்மிய அதே வேளையில் திரையில் இன்னொரு காட்சியும் ஓடிற்று. கேலரிகளில் இருந்த ஜனங்கள் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். சிலர் கையிலிருந்த புட்டிகளை ஓடுபாதையில் எறிந்தார்கள். பந்தயம் முடியுமுன்பே கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள்.

அன்று வந்திருந்த 20 கார்களில் 14 கார்கள் மிஷ்லின் டயர் பூட்டியவை. அந்த ஓடுபாதையின் சரிவான கடைசி வளைவில் அந்த டயர்கள் தாங்கும் என்று உறுதி கூற இயலாதென அந்த நிறுவனமே கைவிரித்துவிட, வளைவில் வேகத்தை மட்டுப்படுத்த ஏதேனும் ஏற்பாடு செய்யலாமா என்ற விவாதம் அணிகளுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே கடைசி நிமிடம் வரை தீராமலே போக, முன்னோட்டச் சுற்று முடிந்ததும் அந்த 14 கார்களும் வரிசையாகத் தங்கள் கொட்டகைகளுக்குத் திரும்பிவிட்டன. எஞ்சிய ஆறு கார்கள் ஓடின. நாராயண் தமக்குக் கிடைத்த காரைப் பிழையின்றி ஓட்டி முடித்தார். அவர் பெற்ற இடத்தின் கௌரவத்தை நான் ஒருகாலும் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும், இந்திய ஓட்டுநர் ஒருவரின் மிகச் சிறந்த நாளும், பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் மிகக் கொடிய ஏமாற்றம் அடைந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டதை என்னால் இன்றுவரை மறக்க இயலவில்லை. சில தினங்களில் மிஷ்லின் நிறுவனம் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறு ஆண்டுப் பந்தயத்துக்கென 20,000 டிக்கெட்டுகளைத் தானே வாங்கி ரசிகர்களுக்கு அளிப்பதாகவும் அறிவித்தது. பந்தயத்துக்கு ரசிகன் தரும் காசு ஓர் ஒப்பந்தம் என்பதை ஒரு டயர் நிறுவனம் ஒத்துக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது.

அதன் பிறகு அந்த நியாயம் எங்கும் வேரூன்றியதாகத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில், விடாத மழையில் மணிக்கணக்காக நனைந்தபடி காத்திருந்த ஜனங்களுக்கு, பாதுகாப்புக் காரின் பின்னே பந்தயக் கார்கள் சில சுற்றுகள் ஊர்ந்து சென்றதே பந்தயமாகக் காட்டப்பட்டது; அதற்குப் பாதிப் புள்ளிகளும் பங்கிடப்பட்டன. 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி, சாலையிலிருந்த மூடியொன்று பெயர்ந்து ஒரு காரின் அடிப்பாகத்தைச் சிதைத்தமையால், எட்டாம் நிமிடத்திலேயே நின்றுபோயிற்று. இரண்டாம் பயிற்சி நள்ளிரவு கடந்து நெடுநேரம் கழித்துத் தொடங்குமுன் ரசிகர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் வாங்கியிருந்தவர்களுக்கு, அங்குள்ள கடையில் பொருள் வாங்கிக்கொள்ள 200 டாலர் சீட்டு வழங்கினார்கள், பணமாகத் தரவில்லை.

ரசிகனின் காசை இப்படி மறந்துவிடும் பந்தய உலகம் தன் செலவை மட்டும் மறப்பதில்லை; பந்தயத்தில் செலவு ஏறுகிறது என்னும் புலம்பல் புதிதன்று. 2009-ஆம் ஆண்டில் சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனத்தின் தலைவராயிருந்த மாக்ஸ் மோஸ்லி, ஓர் அணி ஆண்டுக்கு நான்கு கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கலாகாது என்று வரம்பு விதிக்க முயன்றார், அந்த வரம்பை நம்பிப் புதிய அணிகள் உள்ளே வந்தன, வரம்போ வரவில்லை. அவ்வாறு வந்து நசுங்கிய அணிகளுள் ஒன்றுதான் ஸ்பெயின் நாட்டு எச்.ஆர்.டி. சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் அதில்தான் அறிமுகமானார். நாராயண் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் ஓட்டியதும் அதே அணிக்காகத்தான். 2012 முடிவில் அது மூடப்பட்டது. தமிழ்நாட்டின் இரு ஓட்டுநர்களும் கூட்டத்தின் கடைசியில் ஓடிய காட்சியைக் கண்டு, இவர்களுக்குத் திறமை போதாதோ என்று ஐயுற்ற நண்பர்களுக்கு நான் அக்காலத்தில் சொன்னதை இங்கும் சொல்லுகிறேன்: பணம் இல்லாத அணியின் காரில் எந்த நிபுணர் அமர்ந்தாலும் அந்த இடத்தில்தான் ஓடியிருப்பார். செலவு வரம்பு கடைசியில் 2021-இல் 14.5 கோடி டாலர் என்று நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர்களின் சம்பளமும் விளம்பரச் செலவும் அதில் சேரா. அணிகளின் செலவுக்கு வரம்பு விதித்தவர்கள், கேலரியின் விலைக்கு ஒரு வரம்பைப் பற்றி எந்நாளும் யோசித்ததில்லை.

நம் தேசத்தில் இந்த விவகாரம் இன்னும் கசப்பானது. 2011 அக்டோபர் 30 அன்று தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் புத்த சர்வதேச ஓடுபாதையில் முதல் இந்திய ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். இந்தப் பந்தயம் விளையாட்டா கேளிக்கையா என்ற வழக்கில் உத்தரப் பிரதேச அரசின் கேளிக்கை வரி குறுக்கிட்டது; 2013-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் அங்கே திரும்பவில்லை.

பந்தயம் ரசிகனுக்கு உண்மையில் என்ன தரவேண்டும் என்பதைச் சொல்ல, நான் முதலில் பந்தயம் பார்த்த சோழவரத்தைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச விரும்புகிறேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சென்னைக்கு வடக்கே விமானங்கள் இறங்குவதற்காக அமைக்கப்பட்ட தளம் அது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிற்று. என் கல்லூரி நாட்களில் நண்பர்கள் நால்வரோடு மொரப்பூரில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, பேருந்தொன்றில் நின்றுகொண்டே சோழவரம் சென்றடைந்த நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது. நிழல் இல்லை, நாற்காலி இல்லை, வீட்டில் கட்டித்தந்த புளிச்சோறு தவிர வேறு ஆகாரம் இல்லை. மகாராஜாவும் செல்வச் சீமானும் ஓட்டிய அயல்நாட்டுக் கார்கள் ஒருபுறமும், பட்டறையில் இரவு பகலாகக் குடைந்து வேகமேற்றப்பட்ட ஃபியட்டும் அம்பாசடரும் மறுபுறமும் பறக்க, அந்தத் தட்டையான வெளியில் வெகுதூரம் வரை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. எந்த ஓட்டுநர் எந்த இடத்தில் பிரேக்கை மிதிக்கிறார், எவர் அரை விநாடி தாமதிக்கிறார், அந்தத் தாமதம் அடுத்த வளைவில் என்ன பலன் தருகிறது என்பதையெல்லாம் மெக்கானிக் வேலை தெரிந்த பக்கத்து மனிதர் ஒருவர் விளக்கிக்கொண்டே வந்தார். பந்தயம் என்பதன் இலக்கணத்தை நான் கற்றது அவரிடந்தான். அங்கே பாதுகாப்பு மிகக் குறைவு; அந்த நிலைமை மீண்டும் வரவேண்டுமென்று எவரும் விரும்பலாகாது. ஆனால் அங்கே பார்த்தவனுக்குப் புரிந்தது. புரிந்தபடியால் அடுத்த ஆண்டும் வந்தான்.

அதே காலத்தில் கோவையில் கரிவரதன் என்பவர் செய்த காரியம் இந்தியப் பந்தய சரித்திரத்திலேயே மிகப் பெரிய கொடை என்பது என் திடமான அபிப்பிராயம். அயல்நாட்டுப் பந்தயக் கார் ஒன்றை இறக்குமதி செய்து வைத்துக் காப்பாற்றுவதற்கு ஒரு சமஸ்தானத்தின் செல்வம் வேண்டியிருந்த நாளில், ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் சிறிய யந்திரத்தையே எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் காரில் பொருத்தி, எல்லோரும் ஒரே வகைக் காரில் போட்டியிடும் ஃபார்முலா மாருதியை அவர் உருவாக்கினார். பழுதானால் உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது. பணத்தின் பேதம் பெரும்பாலும் மறைந்து, ஓட்டுபவரின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. நாராயண் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியதும் அந்தக் காரில்தான். 1995-இல் கரிவரதன் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய குறுகிய ஓடுபாதை அது; ஆகவே காரை நீண்ட நேரம் கண்ணால் தொடர முடிகிறது.

சோழவரத்துக்குப் பின், 1990-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் ஓடுபாதை, ஓட்டுநர்களுக்குச் சோழவரத்தைவிடப் பன்மடங்கு மேலானது. தேசிய சாம்பியன் போட்டிகள் இன்றும் அங்கே நடக்கின்றன; ஆனால் சோழவரத்துக் கூட்டத்தை அங்கே நான் கண்டதில்லை.

இந்நிலையில், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையில் இரவுப் பந்தயம் நடைபெற்றது. அதற்கு முந்திய டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போயிற்று. அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயை நடத்தும் தனியார் நிறுவனம் திருப்பிச் செலுத்தவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த இடைவெளியில் ஆணையிட்டது. முதல் நாளன்று சர்வதேச சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட, நிகழ்ச்சிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. விளக்கொளியில் கார்கள் பறந்த காட்சி அழகானது என்பதில் ஐயமில்லை. பந்தயத்தையே அறியாத பல குடும்பங்கள் அன்று அதை அறிந்துகொண்டன என்பதையும் நான் மனமார வரவேற்கிறேன்.

எனினும், விளையாட்டை அலசுபவன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். சாலைப் பந்தயத்தில் கான்கிரீட் தடுப்பும் அதன்மேல் கம்பி வேலியும் இன்றியமையாதவை. ஆகையால் ஒரு கேலரியில் அமர்ந்திருப்பவர் தம் எதிரே உள்ள துண்டுச் சாலையை மட்டுமே காண்கிறார். கார் சில விநாடிகளில் கடந்துவிடுகிறது. அடுத்த தடவை அது வர ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகிறது. அந்த ஒன்றரை நிமிடத்தில் எங்கே யார் யாரை முந்தினார், எந்தக் கார் சுவரில் உரசியது என்பதை அவருக்குத் தெளிவாகச் சொல்ல ஏற்பாடு இல்லாவிட்டால், அவர் வாங்கியது பந்தயத்தின் ஓசையை மட்டுமே. எங்கள் பக்கத்தில் தை, மாசி மாதங்களில் எருது விடும் விழா நடக்கும். ஒவ்வொரு எருதும் எத்தனை விநாடியில் எல்லையைக் கடந்தது என்பது உடனுக்குடன் ஒலிபெருக்கியில் தமிழில் முழங்கும். கடைக்கோடியில் நிற்கும் சிறுவனும் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விரல்விட்டுச் சொல்வான். ஒரு கிராமத்து விழாக் குழு செய்வதைக் கோடிகள் செலவிடும் பந்தயம் செய்ய முடியாதா?

இந்தப் பந்தயங்களின்மீது எங்களுக்கு உள்ள உரிமையையும் நினைவூட்ட வேண்டும். எங்கள் பழைய தர்மபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த ஓசூரில், டி.வி.எஸ். நிறுவனம் 1982 முதல் மோட்டார் சைக்கிள் பந்தய அணி வைத்திருக்கிறது. தர்மபுரியின் கிராமங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். யந்திரத்தின் மூச்சைக் காதால் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடக்கூடிய அவர்களைவிட உத்தமமான ரசிகர்களை எந்த நாட்டிலும் தேடிப் பிடிக்க முடியாது. அவர்களில் ஒருவர் தீவுத்திடலுக்குப் போகவேண்டுமானால், இரண்டு நாள் சம்பளத்தை இழந்து, பேருந்துக்கும் ரயிலுக்கும் கொடுத்து, சாப்பாட்டுக்குக் கொடுத்து, அதற்குமேல் டிக்கெட்டுக்கும் கொடுக்கவேண்டும். நுழைவு வாசலில் அச்சிட்ட விலை அவருடைய செலவில் ஒரு பகுதிதான்.

ஆகையால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் பந்தயம் நடத்துவோருக்கும் என் விண்ணப்பம் இது. பொதுச் சாலையில் பந்தயம் நடத்தும்போது, கூலித் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் வருமானத்தின் சிறு பகுதியால் நுழையக்கூடிய கேலரி ஒன்று, மிகச் சிறந்த வளைவின் எதிரே, பெரிய திரையோடும் தமிழ் வர்ணனையோடும் அமையட்டும். பயிற்சி நாளை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். குறித்த ஓட்டம் நடைபெறாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டி நடக்கும் நாட்களில் ஓசூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பேருந்து விடுங்கள். அது சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. இரவுப் பந்தயமானால், கடைசி ஓட்டத்தை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் சென்ட்ரல் நிலையத்துக்குப் போய் இரவு ரயிலைப் பிடிக்கவேண்டும்.