தொலைந்த குமாரனும் மீட்கப்பட்ட கர்ணனும்

பழைய படங்களைப் பெரிய திரையில் மறுபடி பார்ப்பது நம்மிடையே ஒரு சடங்காகவே ஆகியிருக்கிறது. 2012 மார்ச்சில் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலில் சீர்செய்யப்பட்டு வெளியாகிச் சென்னையில் நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965). 2024இல் ‘கில்லி’ (2004). இருபது வருஷம் ஆனாலே ஒரு படம் ‘கிளாசிக்’ ஆகிவிடும் போலிருக்கிறது. இதுபற்றி எழுதப்படுவதில் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்கிற பெருமூச்சு. மற்றது, ரசிகக் கும்பல் என்றதும் அறிவுஜீவிகளுக்கு வருகிற முகச்சுளிப்பு. எந்தப் படம் மீட்கப்படுகிறது, யாருக்காக, எந்தக் கட்டிடத்தில் என்று இரண்டுமே கேட்பதில்லை.

கட்டிடத்திலிருந்து தொடங்குவோம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது காசு, சாதிப்படி அல்ல என்பது அவர் வாதம். முக்கியமான அவதானிப்பு இது. ஆனால் கூரைக்குள் வந்தவர்களை வைத்து மட்டுமே எழுதப்பட்டது. எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் என் உம்மாவுடைய தலைமுறைப் பெண்களில் பலருக்குப் பழைய படப் பாட்டுகள் வரி பிசகாமல் தெரியும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ரேடியோவிலும் கேட்டது. கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. “படம் பாக்கணும்னு யாருக்கு ஆசை இல்ல? போனா பேச்சாக்கும்” என்பார் உம்மா. இவர்களைப் பொறுத்தவரை தமிழ் சினிமா காதால் கேட்ட ஒரு கலை. அரங்கின் சமத்துவம் பற்றிய நம் கதையாடலில் இந்தக் காதுகளுக்கு இடமில்லை.

இன்னொரு பக்கம், அந்தக் கட்டிடங்களே போய்க்கொண்டிருக்கின்றன. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இன்று இல்லை. 1961இல் திறந்த சென்னை சாந்தியும் இல்லை. ‘கர்ணன்’ முதலில் ஓடிய அரங்குகளில் ஒன்று அது. படம் திரும்பி வருகிறது, அரங்கு வருவதில்லை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று வகுக்கப்பட்டிருந்த கூட்டம் ஒரே விலையில் நுழையக்கூடியவர்களின் கூட்டமாகச் சலித்தெடுக்கப்படுகிறது. இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அழிக்கும் என்று வால்ட்டர் பெஞ்சமின் நம்பினார். நம்மூரில் பிரதியைச் சுத்தம் செய்தே ஒளிவட்டத்தை மறுபடி ஒட்டவைத்துவிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய திரை வேறுதான். டிவியில் பார்த்துப் பழகிய ‘கர்ணன்’ அரங்கில் வேறொரு பிரதியாகிறது. ரதங்களும் படைகளும் ஒருபக்கம். கர்ணன் பேசுவதற்கு முன்பே அந்த வசனத்தைச் சொல்லிவிடுகிற கூட்டம் இன்னொரு பக்கம். பார்வையாளரை வாயடைத்த ஏமாளியாக நினைக்கிற எந்தக் கோட்பாடும் இந்தச் சத்தத்தில் நிற்காது. ஆனால் அந்தக் கூட்டம் எதற்கு அழுகிறது என்று பார்க்க வேண்டும். தேரோட்டி மகன் என்று அவமதிக்கப்பட்டவனுக்காக அழுகிறோம். அவன் தேரோட்டி மகன் இல்லை, குந்தியின் மகன் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். அந்த ரகசியம்தான் நம் கண்ணீருக்கு அனுமதிச் சீட்டு. அவன் உண்மையிலேயே தேரோட்டிக்குப் பிறந்தவனாக இருந்திருந்தால் இந்தக் காவியம் அழவைத்திருக்குமா?

கேள்வி வெறும் தர்க்க விளையாட்டல்ல. எங்கள் மாவட்டத்தின் சினிமா வரலாறு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அகஸ்தீஸ்வரத்தோடு தொடர்புடைய நாடார் கிறிஸ்தவரான ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்ற மௌனப்படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். தலைப்பின் பொருள் ‘தொலைந்த குமாரன்’. இலங்கைக்குக் கடத்தப்பட்ட பிள்ளை உடம்புத் தழும்பால் அடையாளம் காணப்படுகிற கதை. அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, ஒரு தலித் பெண். மேல்சாதிப் பார்வையாளர்கள் திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசி ஊரைவிட்டே துரத்தப்பட்டார். நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில், தன் முகம் திரையில் வந்ததைப் பேசாமலே அவர் வாழ்ந்து முடித்ததாகப் பின்னால் தேடிப் போனவர்கள் சொல்கிறார்கள். படம் இன்று இல்லை. டேனியலும் சினிமாவை விட்டு ஒதுங்கி 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார்.

இன்னொரு படம் பிழைத்தது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). நாவலின் உரிமை தங்களுடையது என்று பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். படம் முடக்கப்பட்டது. முடக்கப்பட்டதால்தான் மிஞ்சியது, 1974இல் கண்டெடுக்கப்பட்டுப் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் பார்க்கக் கிடைப்பது கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

ஒன்று பிழைத்ததும் மற்றது அழிந்ததும் யாரும் திட்டமிட்டதல்ல. கோர்ட்டும் தற்செயலும் செய்த வேலை. ஆனால் பிழைத்த கதையைப் பாருங்கள். சி.வி.யின் நாவலில் பைத்தியக்காரச் சாணானாகத் திரிகிறவன் கடைசியில் அனந்தபத்மநாபன் என்ற நாயர் பிரபு. நாயர், சாணான் வேஷம் போட்டால் வீரம். க்ஷத்திரியன் தேரோட்டி மகனாக வளர்ந்தால் சோகம். தலித் பெண் நாயர் வேஷம் போட்டால் கல். மேலிருந்து கீழே போகிற வேஷத்தை இந்தக் கலாச்சாரம் காவியமாக்குகிறது. கீழிருந்து மேலே ஏறுகிற வேஷத்தைக் குற்றமாக்குகிறது. ‘கர்ணன்’ அரங்கில் விழுகிற கைதட்டலையும் கேப்பிட்டல் தியேட்டரில் விழுந்த கல்லையும் ஒரே வரலாற்றின் இரண்டு சத்தங்களாகவே நான் கேட்கிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு எல்லைச் சண்டையும் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. டேனியல் மலையாளிகளுக்குத் தமிழரானார், தமிழர்களுக்கு மலையாள சினிமாக்காரர் ஆனார். கேரள அரசு அவர் பெயரில் விருது வைத்தது 1992இல்தான். நம் பக்கம் அதுவும் இல்லை. தமிழ் சினிமா வரலாற்றை எழுதுகிறவர்கள் என்.எஸ். கிருஷ்ணனுக்காக நாகர்கோவில் வரை வருகிறார்கள். அங்கிருந்து அகஸ்தீஸ்வரம் கொஞ்ச தூரம்தான்.

ஆகவே மீட்பு என்பதை நட்சத்திரங்களின் வியாபாரத்திடம் விட்டுவிட முடியாது. வசூல் வரும் என்றால் நெகடிவைத் தேடிப் போவார்கள், வராது என்றால் மாட்டார்கள். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘மார்த்தாண்ட வர்மா’வைக் காப்பகத்திடம் கேட்டு வாங்கி, குமரி மாவட்டத்தில் மிஞ்சியிருக்கிற பழைய ஒற்றைத்திரை அரங்கு ஒன்றில், எவரும் வரக்கூடிய விலையில் காட்டவேண்டும். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். அப்படி ஒருவர் நிற்கட்டும். ராஜபக்தியை அப்படியே ஒப்பிக்காமல், சாணான் வேஷத்தைக் கேள்வி கேட்டுச் சொல்லட்டும். அதற்கு முன்னால் ‘விகதகுமாரன்’ பற்றியும் ரோசி பற்றியும் வெறும் வெள்ளைத் திரையை வைத்துக்கொண்டே அரைமணி நேரம் பேசவேண்டும். காட்ட படம் இல்லை என்பதையே காட்டவேண்டும். கடற்கரையிலிருந்து பெண்கள் வந்துபோக வண்டி ஏற்பாடு செய்யவேண்டும். அரங்கின் நடு வரிசைகள் அவர்களுக்கு. இதை எடுத்துச் செய்ய முன்வரும் நண்பர்களோடு சேர்ந்து உழைக்க நான் தயார்.